காகிதச் சுருளில் இதயத்தைக் கேட்டவர்

டாக்டர் என்றதும் நம் கண் முன் வருவது எது? அவர் கழுத்தில் மாலை போலத் தொங்கும் அந்தக் குழாய்தான்.

அதன் ஒரு முனையை நம் மார்பில் வைக்கிறார். மறுமுனைகள் இரண்டும் அவர் காதில் இருக்கின்றன. மூச்சை இழுத்து விடச் சொல்கிறார். வீட்டில் உள்ளவர்கள் எல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் முகம் மலர்ந்தால் எல்லோருக்கும் உயிர் வருகிறது.

அந்தக் குழாய்க்கு ஸ்டெதாஸ்கோப் என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு நாட்டு டாக்டர் ரெனே லென்னக். காசநோயை ஆராய்வதில் தன் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். கடைசியில் அந்தக் காசநோய்க்கே பலியானார். அப்போது அவருக்கு வயது 45.

அவருடைய கதை இது.

தாயில்லாப் பிள்ளை

பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில், கடலை ஒட்டி இருக்கிறது பிரிட்டனி என்னும் பகுதி. அங்கே கெம்பேர் என்ற ஊரில், 1781-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி லென்னக் பிறந்தார்.

தந்தை வக்கீல். கவிதை எழுதுவதில் ஆசை உள்ளவர். பணத்தைக் கட்டிக் காக்கத் தெரியாதவர்.

லென்னக்குக்கு 5 வயது ஆனபோது தாய் இறந்துவிட்டாள். அவளைக் கொண்டுபோனது காசநோய் என்றே கருதப்படுகிறது. அந்த நோய் லென்னக்கின் குடும்பத்தை அதோடு விடவில்லை.

தாய் போன பிறகு பிள்ளைகளைத் தந்தையால் வளர்க்க முடியவில்லை. உறவினர் வீடுகளுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். 1788-ம் ஆண்டில் லென்னக், நான்ட் நகரில் இருந்த தன் சிற்றப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சிற்றப்பா கியோம் லென்னக் ஒரு டாக்டர். அந்த நகரில் பெரிய பெயர் பெற்றவர். அண்ணன் மகனைத் தன் மகனாகவே வளர்த்தார். நோயாளிகளிடம் அன்பு காட்ட வேண்டும் என்பதைச் சிறுவன் அவரிடம்தான் கற்றுக்கொண்டான்.

கொலைக் கருவிக்கு எதிரே வீடு

மறு ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793-ல் அது பயங்கர உருவம் எடுத்தது. நான்ட் நகரின் சதுக்கத்தில், தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்தை நிறுத்தினார்கள். சிற்றப்பாவின் வீடு அந்தச் சதுக்கத்தில்தான் இருந்தது!

ஜன்னலைத் திறந்தால் மரணக் காட்சி. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதைப் பார்த்து வளர்ந்தான். வெளியே உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. வீட்டுக்குள்ளே சிற்றப்பா உயிர்களைக் காக்கும் கலையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

14 வயதில் லென்னக், நான்ட் ஆஸ்பத்திரியில் வேலை செய்யத் தொடங்கினார். காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் போடுவதும், நோயாளிகளுக்கு உதவுவதும் அவர் வேலை.

மகன் டாக்டர் ஆவது தந்தைக்குப் பிடிக்கவில்லை. அதனால் லென்னக்கின் மனம் சில காலம் தடுமாறியது. புல்லாங்குழல் வாசித்தார். கிரேக்க மொழி படித்தார். கவிதை எழுதினார். காடு மேடெல்லாம் நடந்தார்.

அந்தக் காலத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது. புல்லாங்குழலில் பழகிய காதும், கிரேக்க மொழி அறிவும் பின்னால் அவருக்குக் கைகொடுத்தன.

பாரிசில் படிப்பு

1801-ல், 20-வது வயதில், லென்னக் பாரிஸ் நகருக்குப் போனார். கையில் காசு இல்லை. உடம்பிலும் பலம் இல்லை. ஒல்லியான, குள்ளமான உருவம். ஆனால் படிப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1803-ல் வைத்தியம், அறுவை வைத்தியம் இரண்டிலும் முதல் பரிசுகள் அவருக்கே கிடைத்தன. 1804-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவருடைய ஆசிரியர் கார்விசார். மாமன்னர் நெப்போலியனுக்கே வைத்தியம் பார்த்தவர்.

நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு நோயை அறியும் முறையைக் கார்விசார் கற்றுக் கொடுத்தார். அந்த முறையை முதலில் சொன்னவர் ஆவன்புருக்கர் என்ற வியன்னா டாக்டர். 1761-லேயே சொல்லியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. ஆவன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி, உள்ளே சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று அறிவதைச் சிறு வயதில் பார்த்ததுதான் இந்த யோசனைக்கு மூலம் என்று சொல்வார்கள்.

அக்காலத்தில் டாக்டர்களிடம் வேறு என்ன வழி இருந்தது? எக்ஸ்ரே கிடையாது. ரத்தப் பரிசோதனை கிடையாது. நாடியைப் பிடித்துப் பார்ப்பார்கள். நாக்கை நீட்டச் சொல்வார்கள். நோயாளி சொல்வதைக் கேட்பார்கள். மார்புக்குள் என்ன நடக்கிறது என்பது நோயாளி இறந்து, உடலை அறுத்துப் பார்த்த பிறகே தெரிய வரும்.

லென்னக்கின் நண்பர் பெய்ல் என்ற டாக்டர், காசநோயை அறிவதற்காக 900 உடல்களை அறுத்து ஆராய்ந்தார். லென்னக்கும் அந்த வேலையில் மூழ்கினார்.

காசநோயோ அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. 1810-ல் தம்பியைக் கொண்டுபோனது. 1816-ல் நண்பர் பெய்லையும் கொண்டுபோனது. நோய் உடலுக்குள் வேரூன்றி வெகு நாள் ஆன பிறகே டாக்டர்களுக்குத் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போதே, ஆரம்பத்திலேயே, மார்புக்குள் எட்டிப் பார்க்க ஒரு வழி இல்லையா? இந்தக் கேள்வி லென்னக்கை வாட்டியது.

தாய்மொழி பேசிய டாக்டர்

1814-ல் போர் பிரெஞ்சு மண்ணுக்கே வந்துவிட்டது. பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் காயம் பட்ட சிப்பாய்கள் நிரம்பி வழிந்தார்கள். பிரிட்டனிக் கிராமங்களிலிருந்து வந்த பையன்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. தங்கள் பிரெட்டன் மொழி மட்டுமே தெரியும். எங்கே வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாமல் தவித்தார்கள்.

லென்னக் அவர்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தார். பிரெட்டன் மொழியிலேயே அவர்களிடம் பேசி வைத்தியம் செய்தார். ஊர்ப் பேச்சைக் கேட்டதுமே பாதி நோய் தீர்ந்தது போல அவர்கள் தேறுதல் அடைந்தார்கள்.

நெப்போலியனின் தாய்மாமன் போன்ற பெரிய மனிதர்களுக்கும் லென்னக் டாக்டராக இருந்தார். ஆனால் ஏழைச் சிப்பாயிடமும் அதே அக்கறைதான்.

அந்த ஒரு நிமிடம்

1816-ம் ஆண்டு. பாரிசில் உள்ள நெக்கர் ஆஸ்பத்திரியில் லென்னக்குக்குப் பதவி கிடைத்தது. அந்த ஆண்டில்தான் அந்த அதிசயம் நடந்தது.

ஓர் இளம் பெண் அவரிடம் வந்தாள். இதய நோய்க்கான அறிகுறிகள் அவளிடம் தெரிந்தன. அவள் பருத்த உடம்புக்காரி. ஆகவே மார்பைத் தட்டிப் பார்த்தும் பயன் இல்லை. கையை வைத்துப் பார்த்தும் பயன் இல்லை.

மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் சில டாக்டர்களிடம் இருந்தது. ஆனால் வந்திருப்பதோ இளம் பெண். அவள் மார்பில் காதை வைப்பது முறையாகாது என்று லென்னக் தயங்கினார்.

என்ன செய்வது? வெறுங்கையோடு அவளை அனுப்பிவிடுவதா?

அப்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. நீளமான மரக்கட்டையின் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டால், மறுமுனையில் குண்டூசியால் கீறும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்கும். குழந்தைகள் இப்படி விளையாடுவதை லென்னக் பாரிசில் பார்த்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது.

லென்னக் சில காகிதங்களை எடுத்தார். குழாய் போல இறுக்கிச் சுருட்டினார். ஒரு முனையைப் பெண்ணின் மார்பில் வைத்தார். மறுமுனையில் தன் காதை வைத்தார்.

லப் டப்... லப் டப்...

நேரே காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது!

ஒரு பெண்ணின் மானத்தை மதித்து டாக்டர் தயங்கிய அந்தத் தயக்கத்தில்தான், உலகமெங்கும் உயிர் காக்கும் கருவி பிறந்தது.

தானே கடைந்த மரக்குழாய்

காகிதச் சுருளோடு லென்னக் நின்றுவிடவில்லை. எந்தப் பொருளில் குழாய் செய்தால் ஒலி நன்றாக வரும் என்று சோதித்தார். கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் பார்த்தார். மிகவும் கெட்டியான பொருள்கள் சரிப்படவில்லை. லேசான மரமே சிறந்தது என்று முடிவு செய்தார்.

ஒரு கடைசல் இயந்திரத்தில் தானே மரத்தைக் கடைந்து குழாய்கள் செய்தார். ஏறக்குறைய 1 அடி நீளம். நடுவில் துளை. இரண்டு துண்டாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு முனை புனல் போல இருக்கும். இதயத்தைக் கேட்கும்போது அந்தப் புனலில் ஓர் அடைப்பானைச் செருகிக்கொள்ள வேண்டும். நுரையீரலைக் கேட்கும்போது அதை எடுத்துவிட வேண்டும்.

முதலில் இதை வெறுமனே உருளை என்றே அழைத்தார். பிறகு பெயர் தேடியபோது, பழைய கிரேக்கப் படிப்பு உதவியது. கிரேக்க மொழியில் ஸ்டெதோஸ் என்றால் மார்பு. ஸ்கோபின் என்றால் பார்ப்பது. இரண்டையும் சேர்த்து ஸ்டெதாஸ்கோப் என்று பெயர் வைத்தார்.

உப்புப் பொரியும் ஓசை

கருவி கிடைத்துவிட்டது. ஆனால் அதில் கேட்கும் ஓசைகளுக்கு என்ன பொருள்? யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதற்கு முன் யாரும் அவற்றை அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

லென்னக் ஏறக்குறைய 3 ஆண்டுகள் உழைத்தார். ஒவ்வொரு நோயாளியின் மார்பிலும் குழாயை வைத்துக் கேட்டு, கேட்டதைக் குறித்துக்கொண்டார். நோயாளி இறந்துவிட்டால் உடலை அறுத்துப் பார்த்து, தன் குறிப்போடு ஒப்பிட்டார். இந்த ஓசை கேட்டால் நுரையீரல் இப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்.

ஓசைகளை அவர் விளக்கிய விதம் எவருக்கும் புரியும். ஒன்று, சூடான சட்டியில் உப்புப் பொரிவது போல இருக்கும். ஒன்று, புறா குமுறுவது போல இருக்கும். இன்னொன்றில், நோயாளியின் பேச்சு ஆடு கத்துவது போல நடுங்கிக் கேட்கும். நுரையீரலில் காசநோய் பள்ளம் பறித்திருந்தால், நோயாளி பேசுவது வாயிலிருந்து வராமல் மார்பிலிருந்தே நேராகக் குழாய்க்குள் வருவது போல இருக்கும்.

1819-ல் இவற்றை எல்லாம் 2 பாகங்கள் கொண்ட பெரிய நூலாக வெளியிட்டார். நூல் வாங்குவோர் சிறிது பணம் கூடக் கொடுத்தால் ஒரு ஸ்டெதாஸ்கோப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

அவர் சொன்னதில் தவறே இல்லையா? உண்டு. இதயத்தின் இரண்டாவது ஒலி, இதயத்தின் மேல் அறைகள் சுருங்குவதால் எழுகிறது என்று எண்ணினார். இதயத்தின் வால்வுகள் மூடும்போதுதான் அந்த ஒலி எழுகிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். ஆனால் பின்னால் வந்தவர்களும் அவருடைய குழாயைக் கொண்டுதானே கேட்டார்கள்!

சந்தேகப்பட்டவர்கள்

புதிய கருவியை எல்லோரும் உடனே வரவேற்கவில்லை. பாரிசிலேயே புரூஸே என்ற பெரிய டாக்டர் லென்னக்கைக் கடுமையாக எதிர்த்தார்.

ஜான் போர்ப்ஸ் என்பவர் 1821-ல் லென்னக்கின் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கருவி பயனுள்ளது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் டாக்டர்கள் எல்லோரும் இதைக் கையாளத் தொடங்குவார்கள் என்பதில் அவருக்கே நம்பிக்கை இல்லை. கௌரவமான டாக்டர் ஒருவர் ஒரு மரக்குழாயை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்பது அவருக்கு வேடிக்கையாகத் தோன்றியது.

இதற்குள் லென்னக்கின் உடல் தளர்ந்துவிட்டது. நூல் வெளிவந்த சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுப் பிரிட்டனிக்குத் திரும்பினார். கெர்லுவார்னெக் என்ற இடத்தில் இருந்த குடும்பப் பண்ணையில் 2 ஆண்டுகள் விவசாயி போல வாழ்ந்தார். கடல் காற்று உடம்பைத் தேற்றியது.

1821-ல் மீண்டும் பாரிஸ் வந்தார். பேராசிரியர் பதவி கிடைத்தது. வெளிநாடுகளிலிருந்தும் மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1824-ல், தன் வீட்டை நிர்வகித்து வந்த ஒரு விதவையை மணந்துகொண்டார். குழந்தை பிறக்கப் போகிறது என்ற மகிழ்ச்சி வந்தது. ஆனால் கரு கலைந்துவிட்டது.

தன் மார்பின் ஓசை

1826. லென்னக் தன் நூலைத் திருத்தி, இரண்டாம் பதிப்பைத் தயாரித்து முடித்தார். இருமலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. உடம்பு உருகிக்கொண்டே போனது.

அவருடைய சிற்றப்பாவின் மகன் மேரியாடெக்கும் ஒரு டாக்டர். அவரைக் கூப்பிட்டார் லென்னக். ஸ்டெதாஸ்கோப்பைத் தன் மார்பில் வைத்துக் கேட்கச் சொன்னார். கேட்டதை மறைக்காமல் சொல்லவும் சொன்னார்.

மேரியாடெக் கேட்டார். கேட்டதைச் சொன்னார்.

லென்னக்குக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எத்தனையோ நோயாளிகளின் மார்பில் அவர் கேட்டுக் குறித்து வைத்த ஓசை அது. அதற்கு என்ன பொருள் என்று உலகத்துக்குச் சொன்னவரே அவர்தானே! தன் முடிவைத் தன் கருவியே சொல்லக் கேட்டுக்கொண்டார்.

மே மாதம் மனைவியோடு கெர்லுவார்னெக் பண்ணைக்குத் திரும்பினார். ஆகஸ்டு 13-ந் தேதி, இறப்பதற்குச் சிறிது நேரம் முன்பு, தன் விரல்களில் இருந்த மோதிரங்களைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். தான் போன பிறகு அந்த வேதனையான காரியத்தை வேறொருவர் செய்ய வேண்டாம் என்று அவர் நினைத்தார். அன்றே அவர் உயிர் பிரிந்தது.

தன் ஆராய்ச்சிக் குறிப்புகளை எல்லாம் மேரியாடெக்குக்கு எழுதி வைத்திருந்தார். தன் ஸ்டெதாஸ்கோப்பையும் அவருக்கே கொடுத்தார். தான் விட்டுச் செல்லும் சொத்தில் சிறந்தது அந்த மரக்குழாய்தான் என்பது அவர் எண்ணம்.

குழாய் வளர்ந்த கதை

காசநோய்க்குக் காரணமான கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882-ல்தான் கண்டுபிடித்தார். அதைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. லென்னக்குக்கு அந்த உதவி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நோயை அடையாளம் காணும் வழியை அவர் விட்டுச் சென்றார்.

மரக்குழாய் மாறிக்கொண்டே வந்தது. 1851-ல் அயர்லாந்து டாக்டர் ஆர்தர் லியர்ட் இரண்டு காதாலும் கேட்கும் கருவியைச் செய்து காட்டினார். மறு ஆண்டு நியூயார்க் டாக்டர் ஜார்ஜ் காமன் அதை இன்னும் சீராக்கினார். 1905-ல் ருஷ்ய டாக்டர் கோரட்கோவ், கையில் பட்டை கட்டி, ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டு ரத்த அழுத்தத்தை அளக்கும் வழியைச் சொன்னார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க டாக்டர் டேவிட் லிட்மன் எடை குறைந்த கருவியை உருவாக்கினார்.

விபத்தில் சிக்கிய ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். அவர் மூச்சுத் திணறுகிறார். டாக்டர் மார்பின் இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார். ஒரு பக்கம் மூச்சு ஓசை இருக்கிறது. மறுபக்கம் இல்லை. நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்து அதை அமுக்கியிருக்கலாம் என்று டாக்டருக்கு உடனே சந்தேகம் வருகிறது. சில நிமிடத் தாமதமும் உயிரைக் குடித்துவிடக்கூடிய நிலை அது. மார்புக்குள் காற்றுத் தேங்கினால் என்ன கேட்கும், என்ன கேட்காது என்பதை 1819-லேயே எழுதி வைத்தவர் லென்னக்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

அவசர வேலைக்கு எந்தக் கருவி நல்லது? லென்னக் கையாண்ட வழிதான் இதற்கும் வழி. விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், காதில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆம்புலன்சில் இரைச்சல் அதிகம். ஆகவே காது முனைகள் மென்மையாகவும், வெளிச்சத்தம் புகாதபடி காதில் பொருந்தியும் இருக்க வேண்டும். மாட்டும்போது அவை மூக்கை நோக்கி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் நல்ல கருவியிலும் ஒலி குறைந்து கேட்கும்.

மார்பில் வைக்கும் தட்டையான பக்கம் மூச்சு ஓசை போன்ற உயர்ந்த ஒலிகளுக்கு ஏற்றது. சில கருவிகளில் மறுபக்கம் கிண்ணம் போல இருக்கும். அது தாழ்ந்த ஒலிகளுக்கு ஏற்றது. அந்தப் பக்கத்தை மார்பில் மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் பயன் போய்விடும்.

ஒரு நோயாளியைப் பார்த்ததும், அடுத்தவரைத் தொடும் முன் மார்பில் படும் பகுதியை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கருவியைத் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவிட்டுப் போகக் கூடாது. கழுத்துத் தோலின் எண்ணெயும் வியர்வையும் பட்டுக்கொண்டே இருந்தால் குழாய் விறைத்துப் போகும். ஆகவே சட்டைக் காலருக்கு மேல் போட்டுக்கொள்வது நல்லது. குழாய் வெடித்திருந்தாலோ, மேல் ஏடு கிழிந்திருந்தாலோ, அந்தப் பகுதியை மாற்றாமல் கேட்பதில் பயன் இல்லை.

வீட்டில் டாக்டர் இருந்தால் குழந்தைகள் அந்தக் குழாயை எடுத்து விளையாடுவது இயல்பு. ஒருவர் காதில் மாட்டியிருக்கும்போது மறுமுனையில் தட்டவோ கத்தவோ கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். காதுக்குக் கேடு வரும்.

அடுத்த முறை டாக்டர் நம் மார்பில் அந்தக் குழாயை வைக்கும்போது, பேசாமல் சில விநாடிகள் இருப்போம். தாயையும் தம்பியையும் நண்பனையும் காசநோய்க்குப் பறிகொடுத்த ஒரு மனிதர், அந்த நோயின் ஓசையை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும் என்று மரத்தைக் கடைந்து செய்த குழாயின் வாரிசு அது.